ஸ்பீக்கரை அலங்காரத்துக்குள் மறைப்பது எப்படி? டிஜே செட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் வட்டாரத்தில் கல்யாண வரவேற்பு, காதணி விழா, மஞ்சள் நீராட்டு என்று விசேஷங்களுக்கு டிஜே செட்டும் சவுண்டும் கொண்டுபோகிறோம். புக்கிங் பேசும்போதே பெண் வீட்டார் கேட்டுவிடுகிறார்கள்: "அந்தக் கறுப்புப் பெட்டி மேடைப் பக்கம் தெரியாத மாதிரி வைக்க முடியுமா?" முடியும். எதை எவ்வளவு மறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் விஷயம். வீட்டுக்காரர்கள், டெக்கரேஷன்காரர்கள், தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் எல்லோரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறோம்.

பாக்ஸ் தெரிந்தால்தான் என்ன? எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

ஆல்பம் கைக்கு வரும்போது தெரியும். வெள்ளையும் பொன்னிறமுமாக மேடை போட்டு, ஓரத்தில் ஆளுயரத்துக்குக் கறுப்புப் பெட்டியும் மூன்று கால் ஸ்டாண்டும் தொங்கும் ஒயரும் நின்றால், மாலை மாற்றும் படத்திலும் அது இருக்கும். பணம் போட்டு அலங்காரம் செய்தவர்கள் வருத்தப்படுவது நியாயம்தான்.

எல்லா விசேஷத்துக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டோம். ஊர்த் திருவிழாவில் பாக்ஸை அடுக்கி நிறுத்துவதையே கெத்தாகப் பார்க்கிறார்கள். அங்கே யாரும் துணி போடச் சொல்வதில்லை, போடவும் வேண்டாம்.

துணி போட்டு மூடினால் சத்தம் குறையுமா?

எந்தத் துணி என்பதைப் பொறுத்தது. தடித்த துணி போட்டாலும் பேஸ், அதாவது 'டம் டம்' என்ற தாழ்ந்த ஒலி, அப்படியே வரும். முதலில் காணாமல் போவது மேல் ஸ்தாயி ஒலிகள்: பாடுகிறவர் வாயில் வரும் 'ஸ', 'ஷ', தாளத்தில் வரும் சலங்கை ஒலி, பேச்சின் தெளிவு. "சத்தம் பலமா இருக்கு, ஆனா என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று பின்வரிசையில் இருப்பவர்கள் சொன்னால் பாக்ஸுக்கு முன்னால் எதுவும் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

காரணம் ஒலி அலையின் நீளம். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஒரு அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். தூணோ ஆளோ திரையோ அதற்குப் பெரிய தடையில்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். 10,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.4 சென்டிமீட்டர்தான். நம் ஊர் செண்டுமல்லிப் பூவைவிடப் பெரிதில்லை. வழியில் எது நின்றாலும் அதில் பட்டுச் சிதறும், இல்லையென்றால் அதற்குள்ளேயே அடங்கிப்போகும்.

துணி வாங்கும்போது கடையிலேயே வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட்டால் ஒலியும் பெரும்பாலும் போகும். காற்று தங்கினால் அந்தத் துணியை மேஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாக்ஸின் முகத்துக்கு வேண்டாம். நெட் துணி, மெல்லிய ஜார்ஜெட், ஷிபான் எல்லாம் நன்றாக விடும். லைக்ராவை ஒற்றை அடுக்காக, விறைப்பாக இழுத்துக் கட்டினால் பரவாயில்லை. தளர்வாகவோ இரட்டையாகவோ போட்டால் மந்தமாகிவிடும். வெல்வெட், உள்துணி வைத்துத் தைத்த சாட்டின், ரெக்சின் எதுவும் ஆகாது. பிளெக்ஸ் பேனர் கூடவே கூடாது. அது துணியே இல்லை, பிளாஸ்டிக் தாள்.

இன்னொன்று: நல்ல துணியையே கொசுவம் வைத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு அடுக்கு சேர்ந்துவிடுகிறது. மடிப்பு வேண்டுமென்றால் பாக்ஸின் இரண்டு பக்கமும் விடுங்கள், முகத்துக்கு நேரே ஒற்றைத் துணி போதும். பர்கூர் துணிக்கடைகளில் விதவிதமாகக் கிடைக்கிறது. ஆனால் கடை வெளிச்சத்தில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

மிக்சரில் ட்ரெபிளை (மேல் ஸ்தாயி ஒலியை) ஏற்றி ஈடுகட்டலாமே?

2, 3 டெசிபல் வரை ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். 3 டெசிபல் ஏற்றினாலே ஆம்ப்ளிபையர் இரண்டு மடங்கு பவர் கொடுக்க வேண்டும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. அந்தச் சுமை முழுக்க, பாக்ஸுக்குள் மேல் ஸ்தாயி ஒலியை எழுப்பும் சின்ன டிரைவர் மேல் விழும். இரவு முழுக்க அப்படி ஓட்டினால் அது எரிந்துபோகும். துணியை மாற்றுவதே மலிவு.

மேடையின் பேக்டிராப்புக்கு (பின்திரைக்கு)ப் பின்னால் பாக்ஸை வைத்துவிட்டால் முழுசாக மறைந்துவிடுமே?

டெக்கரேஷன்காரர்கள் அதிகமாகக் கேட்பது இதைத்தான். நாங்கள் ஒப்புக்கொள்ளாததும் இதைத்தான்.

பாக்ஸ் பேக்டிராப்புக்குப் பின்னால் போனால், மேடையில் நிற்கும் மைக் எல்லாம் பாக்ஸுக்கு முன்னால் வந்துவிடும். பாக்ஸில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், திரும்பப் பாக்ஸ் வழியே பெரிதாகி வரும். மைக் ஊளையிடும். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாழ்த்திப் பேச மைக்கைப் பிடிக்கிறார், 'கூ' என்று கத்துகிறது, அவர் தயங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நிமிடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நாதஸ்வரமோ பம்பையோ மைக் வைத்து வாசித்தால் தொல்லை இன்னும் அதிகம்.

பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மேடையின் இரண்டு ஓரத்திலும், பேக்டிராப்பைவிட முன்னே, படம் எடுக்கும் சட்டத்துக்குச் சற்று வெளியே ஓர் இடம் எல்லா மண்டபத்திலும் இருக்கிறது. மணமக்கள் நாற்காலியிலிருந்து இரண்டு பக்கமும் நாலைந்து அடி தள்ளினாலே முக்கால்வாசிப் படங்களில் பாக்ஸ் வராது. போட்டோகிராபரைக் கூப்பிட்டு அவர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டால், மறைக்க வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

சப் ஊபரை மேடைக்கு அடியில் வைக்கலாமா?

பேஸுக்கென்றே தனியாக இருக்கும் பெட்டிதான் சப் ஊபர், சுருக்கமாகச் சப். மறைப்பதற்கு மிகச் சுலபமான பெட்டி அதுதான். பேஸ் எல்லாப் பக்கமும் பரவும் ஒலி என்பதால் துணிக்குப் பின்னாலோ படிக்கட்டுக்குப் பக்கத்திலோ கேக் மேஜைக்கு அடியிலோ வைத்தாலும் கூட்டத்துக்குப் போய்ச் சேரும். துணி வகை பற்றியும் கவலையில்லை. ஆனால் பெட்டியில் காற்று வந்துபோகும் துளை இருக்கும். அதன் முன்னால் ஓர் அடியாவது இடம் விடுங்கள், துணியை அதில் உறிஞ்சும்படி தொங்கவிடாதீர்கள்.

பலகை போட்டுக் கட்டிய மேடைக்கு அடியில் வைத்தால் வேறு சிக்கல். மேடை முழுவதும் அதிர ஆரம்பிக்கும். மேலே இருக்கும் குத்துவிளக்கு, சீர்வரிசைத் தட்டு, பித்தளைக் குடம் எல்லாம் 'கிணுகிணு' என்று தாளம் போடும். வீடியோவில் அந்த ஒலி தெளிவாகப் பதிவாகும். மைக் ஸ்டாண்டு வழியாகவும் அந்த அதிர்வு ஏறும். அதனால் மேடைக்கு முன்னால் தரையில் வைத்து, மேடையின் பாவாடைத் துணியையே முன்னால் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி மூடச் சொல்லுவோம். பார்ப்பவர்களுக்கு மேடையின் ஒரு படி மாதிரி இருக்கும். மேலே தண்ணீர் இல்லாத பூச்சாடி வைக்கலாம், பெட்டியோடு கட்டிவைத்தால் நகராது.

நிஜப் பூ வைத்து பாக்ஸை அலங்கரிக்கலாமா?

பூவுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் செண்டுமல்லியும் சாமந்தியும், ஓசூரில் பசுமைக்குடில் ரோஜாவும் விளைகிறது. ஆகவே பூவால் மூடிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

பூவின் எதிரி வாட்டம், பாக்ஸின் எதிரி ஈரம். பூக்காரர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிப்பார், அது அவர் வேலை. அந்தத் தண்ணீர் பெட்டியின் பின்பக்க சாக்கெட்டில் இறங்கினால் ஷாக் அடிக்கும், பெட்டியும் போகும். பூச்செருகும் பச்சைப் பஞ்சும் தண்ணீர் குடித்தே இருக்கும், மெதுவாகச் சொட்டும். பாக்ஸின் தலையில் ஈரமான எதையும் வைக்கக்கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பாக்ஸுக்கு இரண்டு பக்கமும், அரை அடி தள்ளி, தனி இரும்புச் சட்டத்தில் பூச்சரம் கட்டலாம். முகத்துக்கு முன்னால் வேண்டுமென்றால் சரத்துக்குச் சரம் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு மூன்று சரம். அதுவும் மேலே இருக்கும் ஹார்ன் பகுதியை (மேல் ஸ்தாயி ஒலி வெளிவரும் புனல் வாயை) விட்டுவிட்டு. பாக்ஸின் மீதே ஒட்டி வர வேண்டுமென்றால் செயற்கைப் பூ நல்லது. எடை குறைவு, ஈரம் இல்லை, அடுத்த விசேஷத்துக்கும் ஆகும். சில வீட்டில் பிளாஸ்டிக் பூ மங்கலக் காரியத்துக்கு ஆகாது என்பார்கள். அவர்களுக்கு நிஜப் பூவைச் சட்டத்திலும், பாக்ஸில் வெறும் நெட் துணியையும் வைத்துக் கொடுப்போம்.

கிராமத்து தீம் போடுகிறோம். கூண்டு வண்டி, மூங்கில் தட்டி, வாழை மரம் எல்லாம் வருகிறது. அதில் ஒளிக்கலாமா?

எங்களுக்கு மிகவும் பிடித்த வேலை இது. பாக்ஸை மறைக்கிறோம் என்று தோன்றாமல், அந்தப் பொருள் அங்கே இருப்பதே பொருத்தம் என்று தோன்றும்.

தானியம் கொட்டிவைக்கும் மூங்கில் தொம்பையைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதே உருவத்தில், அடியும் பின்பக்கமும் திறந்த கூடு ஒன்றை மூங்கில் பின்னுகிறவரிடம் சொல்லிச் செய்தால் சப் ஊபர் உள்ளே போய்விடும். பின்னல் நெருக்கமாக இருந்தாலும் பேஸுக்குக் கவலையில்லை. ஆனால் தளர்ந்த கீற்று ஒன்றிரண்டு பேஸுக்கு அதிர்ந்து சிணுங்கும். முழு சத்தத்தில் ஒரு பாட்டு ஓடவிட்டு, கையால் தொட்டுத் தொட்டு எந்தக் கீற்று என்று கண்டுபிடித்துக் கட்டிவிட வேண்டும்.

ஸ்டாண்டில் நிற்கும் மேல் பாக்ஸுக்கு நெருக்கமான தட்டி ஆகாது. கட்டம் கட்டமாக, விரல் நுழையும் இடைவெளியுள்ள பின்னல் வேண்டும். பட்டைகள் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது.

கூண்டு வண்டிக்குள் பாக்ஸை வைத்து வாய்ப்பக்கம் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பச் சொல்கிறார்கள். பார்க்க அருமையாக இருக்கும். கேட்க அப்படி இருக்காது. வளைந்த கூண்டுக்குள் சத்தம் மோதி, குகைக்குள்ளிருந்து பேசுவது போல வரும். உள்ளே ஆழமாகத் தள்ளாமல், பாக்ஸின் முகம் கூண்டின் வாயோடு சமமாக நிற்கும்படி முன்னே கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பக்கத்தில் கேழ்வரகுக் கதிர், பெயின்ட் அடித்த பானை என்று கண்ணை இழுக்க எதையாவது வைத்துவிட்டால் யாரும் பெட்டியைப் பார்ப்பதில்லை.

வாழை மரம் நல்ல துணை. பாக்ஸ் ஸ்டாண்டின் முன்கால்களை மறைத்து மரத்தைக் கட்டலாம். இலை மட்டும் முகத்துக்கு நேரே விரிந்து நிற்கக்கூடாது. நிமிர்ந்த இலையைப் பின்னால் இழுத்துக் கட்டுங்கள்.

ஸ்டாண்டை என்ன செய்வது?

மூன்று கால் ஸ்டாண்டுக்கு முக்கோண லைக்ரா உறை கிடைக்கிறது. வெள்ளை உறைக்குள் சின்ன எல்இடி விளக்கு ஒன்றை வைத்தால் ஸ்டாண்டு தூணாகிவிடும், மேடை நிறத்துக்கு ஏற்ப வண்ணமும் மாற்றலாம். உலோகக் குழாய்களைப் பின்னிச் செய்த சதுர ட்ரஸ் தூணின் மேல் பாக்ஸை உட்காரவைப்பது இன்னும் உறுதி.

மறைக்கிறோம் என்று உயரத்தைக் குறைக்காதீர்கள். பாக்ஸின் ஹார்ன் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல், தரையிலிருந்து 6, 7 அடியில் இருக்க வேண்டும். கீழே இறக்கினால் முன்வரிசைக்குக் காதடைக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. உறை போட்டுவிட்டால் ஸ்டாண்டின் கால் கண்ணுக்குத் தெரியாது, குழந்தைகள் இடறுவார்கள். ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை போட்டு, அதையும் உறைக்குள்ளேயே வைத்துவிடுவோம்.

பாக்ஸுக்கே வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டால்?

மரப்பெட்டிக்கு அடிக்கலாம். முன்பக்க இரும்பு வலையில் பிரஷ் படவே கூடாது, துளைகள் அடைத்துக்கொள்ளும். வலையைக் கழற்றி, பின்னாலிருக்கும் பஞ்சையும் எடுத்துவிட்டு, ஸ்பிரே மெல்லிசாக அடித்துக் காயவைத்துத் திரும்ப மாட்டுங்கள். புதுப் பெட்டியென்றால் வாரன்டி விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். வெள்ளை நிறத்திலேயே வரும் மாடல்களும் உண்டு. மெலிந்த கம்பம் போன்ற 'காலம்' (column) ஸ்பீக்கர்களும் வந்துவிட்டன. பேச்சும் மென்மையான பாட்டும் மட்டும் உள்ள நிச்சயதார்த்தத்துக்கு அவை போதும், மறைக்க வேலையே இருக்காது. ஆடும் கூட்டத்துக்குத் தனியாகச் சப் சேர்க்க வேண்டும்.

டிஜே மேஜையையும் ஆம்ப்ளிபையரையும் முழுக்க மூடிவிடலாமா?

முன்பக்கம் தாராளமாக. பெயர் எழுதிய பலகை, பூச்சட்டம், வெள்ளை லைக்ரா பேனலுக்குப் பின்னால் விளக்கு என்று எது வேண்டுமானாலும் வைக்கலாம், இங்கிருந்து சத்தம் வரப்போவதில்லை. பின்பக்கம் மட்டும் திறந்தே இருக்கட்டும். ஆம்ப்ளிபையரும் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பாக்ஸும் சூடாகும். பின்னால் அரை அடியாவது காற்றுக்கு இடம் வேண்டும். சித்திரை, வைகாசி தருமபுரி வெயிலில் துணி சுற்றிய பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். அது நிற்பது பெரும்பாலும் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரமாக இருக்கும்.

ஒயரை எப்படி மறைப்பது?

சுவரோரமாகக் கொண்டுபோய் துணி டேப்பால் ஒட்டுங்கள். நடக்கும் வழியைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் கேபிள் மேடு போட்டு, அதன்மேல் கம்பளம். வெறும் கம்பளத்துக்கு அடியில் ஒயரை ஓட்டினால் இடறுவதற்கு வழி செய்கிறோம். கரண்ட் ஒயரும் மைக் ஒயரும் சேர்ந்து ஓடினால் இரைச்சல் வரும். குறுக்கே போக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். சீரியல் லைட் கட்டிய இரும்பு ஆர்ச்சுக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டே ஆக வேண்டும். ஈரப் பூ, இரும்பு, கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் சேருகிறது.

ஒயர்லெஸ் மைக் ரிசீவரையும் அலங்காரத்துக்குள் வைக்கலாமா?

துணிக்குப் பின்னால் வைக்கலாம். ஜிகினாத் தாள், அலுமினியத் தாள், இரும்புத் தட்டுக்குப் பின்னால் வைத்தால் மைக் விட்டு விட்டு வரும். எல்இடி திரைக்கு ஒட்டியும் வேண்டாம். ஆன்டெனா மேடையைப் பார்க்கட்டும்.

ஆரத்தி, கோல்டு பைரோ (பொறி கக்கும் மெஷின்) எல்லாம் பக்கத்தில் நடக்கிறது. தீப்பிடிக்காதா?

லைக்ரா, நெட், செயற்கைப் பூ, தெர்மாகோல் எல்லாம் சட்டென்று பற்றி உருகும். கற்பூரத் தட்டும் குத்துவிளக்கும் துணியிலிருந்து குறைந்தது ஓர் ஆள் தூரம் தள்ளி இருக்க வேண்டும். 'கோல்டு' (குளிர்ந்தது) என்று பெயர் வைத்தாலும் பைரோ பொறி உலோகத் துகள் எரிந்து வருவது. மெஷினின் வாயருகே சூடு அதிகம். தீ தாங்கும்படி பதப்படுத்திய துணி விலை கூடுதல், மேடைப் பக்கத்துக்காவது அதை வாங்குங்கள். டிஜே மேஜைக்கு அடியில் தீயணைப்பான் ஒன்று எப்போதும் எங்களிடம் இருக்கும்.

திறந்தவெளியில், தோட்டத்தில் வைத்தால்?

காற்றும் கோடை மழையும்தான் யோசிக்க வேண்டியவை. அகலத் துணி காற்றைப் பிடித்து ஸ்டாண்டோடு சாய்த்துவிடும். நெட் துணி தப்பிக்கும். மாந்தோப்பில் விசேஷம் என்றால் மரத்தடியில் பாக்ஸை நிறுத்தினாலே நிழலும் இலையும் பாதி மறைத்துவிடும். கிளையில் கட்டித் தொங்கவிடக் கேட்காதீர்கள்.

பாக்ஸ் தெரியாவிட்டால் இரவு 10 மணிக்கு மேலும் ஓட்டலாமா?

கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய மண்டபத்துக்கு விலக்கு உண்டு, அதுவும் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும் அளவுக்குத்தான். பொது இடத்தில் அந்த இடத்தின் எல்லையில் சத்தம், அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 10 டெசிபல் அதிகம் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு உரிய அளவு பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒலிபெருக்கி அனுமதியை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டெக்கரேஷன்காரருக்கும் சவுண்டுகாரருக்கும் தகராறு வராமல் இருக்க?

இரண்டு பேரையும் ஒரே நாளில் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் போனிலாவது பேசவையுங்கள். இருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடிக்கும்போதுதான், பூ கட்டி முடித்த இடத்தில் பாக்ஸ் வந்து நிற்கிறது. முதலில் பாக்ஸும் ஒயரும் வர வேண்டும், பிறகு துணி, அதற்கு மேல் பூ. எல்லாம் கட்டிய பிறகு மைக்கில் பேசி, பாட்டு ஓடவிட்டு, கடைசி வரிசையில் நின்று கேட்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெண் அழைப்புக்கு முன்னால் அந்த அரை மணி கிடைக்காது என்று தெரிந்தால் வேலையை மதியமே தொடங்கிவிட வேண்டும்.

புக்கிங் செய்யும்போது உங்களுக்கு என்ன அனுப்ப வேண்டும்?

மேடையின் நீள அகலம், காலி மண்டபத்தின் படம், டெக்கரேஷன்காரர் காட்டிய மாதிரிப் படம், துணியின் நிறம். மணமக்கள் எந்தப் பக்கத்திலிருந்து மேடை ஏறுகிறார்கள், பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, ஜெனரேட்டர் உண்டா என்பதையும் சொல்லுங்கள். துணியை நீங்களே வாங்குவதாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு முழம் துண்டு கொடுத்தனுப்புங்கள். எங்கள் பாக்ஸில் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்.